குழாய் இரும்பு, காவல் எர்த்

(லயத்துக் குடும்பங்கள் முன் ஆற்றிய உரை)



நான் மூதூருக்குப் பக்கத்தில் கட்டைபறிச்சான் ஆள். எங்கட பழைய வீடுகளில் வயர் போகிற இரும்புக் குழாயை உப்புக்காத்து தின்னும். உங்கட லயத்தில் பனியும் கூரை ஒழுக்கும் அதே வேலையைச் செய்யுது.

இரும்புக்குள்ளே வயர் இருந்தால் பயமில்லை என்று நினைக்கிறோம். அந்த இரும்பு எர்த்தோடு சேர்ந்திருந்தால்தான் காவல். மூட்டு துருப்பிடித்து விட்டுப்போனால், உள்ளே வயர் உரசிய அன்றைக்குக் குழாயில் 230 வோல்ட் நிற்கும். பியூசும் போகாது. அதில் ஈரத்துணி போடுகிற பிள்ளைதான் எர்த்!

இன்னொன்று. முன்பு பல இடங்களில் எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டினார்கள். அதை எடுத்துப் பிளாஸ்டிக் குழாய் போட்டதும் எர்த் போச்சு. தண்ணீர் வருது, லைட்டும் எரியுது. யாருக்குச் சந்தேகம் வரும்? குழாய் மாற்றினால் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கோ.

ட்ரிப் சுவிட்ச் இருந்தால் மாதம் ஒருக்கா டெஸ்ட் பொத்தானை அமத்துங்கோ. விழாவிட்டால் மாற்ற வேணும். பொத்தான் எர்த்தைச் சோதிக்காது; அதற்கு வேலை தெரிந்தவர் மீட்டரோடு வர வேணும்.

குழாயில் கொடி கட்டாதீங்கோ. தொட்டுச் சுள்ளென்றால், உடனே மெயின் சுவிட்சை நிற்பாட்டுங்கோ; திருத்தும்வரை போடாதீங்கோ.