உறங்குமுன் உள்ளம் அடங்க

இரயில் ஓடாத இத்தீவில் இரயில் சீட்டு எழுதுவது நமது தொழில். ஒருமுறை ஒருவரின் பயணத் தேதியைத் தவறாகப் பதிந்துவிட்டோம். கப்பலிறங்கிச் சென்னையில் வண்டியைத் தவறவிடுவாரே என்று நள்ளிரவுவரை புரண்டோம். இங்குப் பிந்தி உறங்குவது பெருநட்டம். இந்திய நேரம் 82½ பாகைக்குரியது. நாம் வாழ்வதோ 93 பாகையருகே. கதிரவன் கடிகாரத்துக்கு 40 நிமிடம் முந்தி வந்து எழுப்பிவிடுகிறான். 2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் வந்தபின் கைப்பேசியும் படுக்கையேறிவிட்டது, கேட்கவேண்டுமா!

அன்றிரவு எழுந்து, காலையில் செய்யவேண்டியதைத் தாளில் குறித்தோம். விளக்கணைத்து மூச்சை மெல்ல விட்டோம். உறக்கம் வந்தது. விடிந்ததும் அவர் வீடு தேடிச் சென்று, நம் செலவில் சீட்டை மாற்றிக் கொடுத்தோம். அதுமுதல் எட்டரை மணிக்கே கைப்பேசி கூடத்தில்; தாளும் பென்சிலும் தலைமாட்டில்.