உருளவள்ளி வாசற்படி



கேகாலைக் கச்சேரிக்கு அருகே ஒரு சிறிய மேசையும் பழைய தட்டச்சு யந்திரமும் வைத்துக்கொண்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டத்து ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுத்து ஜீவனம் நடத்தியவன் நான். தனிமனித சுதந்திரம் என்னும் விஷயத்தைப் பற்றிப் பேசும்படி வானொலியார் என்னைக் கேட்டபோது, பெரிய தத்துவ நூல்களைவிட முதலில் என் நினைவுக்கு வந்தது ஒரு ஜன்னல்தான்.

தெரணியகலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து, பால் வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் ஒருநாள் வந்தார். கொழும்பில் கடை வேலை பார்க்கும் மகன் அனுப்பிய பணத்தைக் கொண்டு, தாம் நாற்பது ஆண்டு குடியிருந்த லயத்துக் காம்பராவின், அதாவது தோட்டத்து வரிசைவீட்டு அறையின், பின்சுவரில் ஒரு ஜன்னல் வைக்க அவர் விரும்பினார். தோட்டத்தாரிடம் அவர் காசு கேட்கவில்லை. சம்மதம் மாத்திரமே கேட்டார். மூன்று மனு எழுதினேன். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு, லயம் தோட்டத்தின் உடைமை, அதில் மாற்றம் செய்ய இயலாது என்று இரண்டு வரி வந்தது. அதை வாசித்துக் காட்டியதும் அவர் கேட்டார்: “ஏங்கய்யா, காத்து வர்றதுக்கும் தொரைகிட்ட கையெழுத்து வாங்கணுமா?”

நேயர்களே, சுதந்திரவாதிகள் என்று சொல்லப்படுவோரின் சித்தாந்தம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறதென்பது என் அபிப்பிராயம். ஒருவனுடைய தேகமும், அத்தேகத்தின் உழைப்பும், அவ்வுழைப்பால் நியாயமாக ஈட்டிய பொருளும் முதலில் அவனுக்கே உரியவை என்றும், அவனது சம்மதமின்றி அவற்றில் கைவைக்கும் உரிமை எஜமானனுக்கும் இல்லை, அரசாங்கத்துக்கும் இல்லை என்றும், பிறரைத் துன்புறுத்தாத ஒரு காரியத்தைச் செய்ய ஒருவன் எவரிடமும் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டியதில்லை என்றும் அவர்கள் கூறுகிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் லாக் இதற்கு அடித்தளமிட்டார். நம்மவருள் ராஜாஜி அவர்கள், பெர்மிட்டும் லைசென்ஸும் ஆளும் ராஜ்யம் வேண்டாம் என்று சொல்லி, 1959இல் இந்தியாவில் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார்.

இந்தச் சித்தாந்தத்தையே காட்டி, “வேலை பிடிக்காவிட்டால் போகலாமே, அதுதானே சுதந்திரம்?” என்று தோட்டத்து ஜனங்களிடம் சொல்வோர் உண்டு. போக முடிந்ததா என்பதைச் சரித்திரத்தைத்தான் கேட்கவேண்டும். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் கொடாமல் வேலையை விட்டு நீங்கியவனுக்குச் சிறைத்தண்டனை உண்டு. அதற்கு மேலாகத் துண்டு என்றொரு முறை இருந்தது: இன்ன தொழிலாளி, ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணிக்கு இவ்வளவு கடன்பட்டிருக்கிறான், அதைத் தீர்க்கும் தோட்டம் அவனை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு காகிதத் துண்டில் எழுதிவிட்டால், அந்தக் கடனோடு சேர்ந்து மனிதனும் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாறுவான். இவ்விரண்டையும் ஒழிக்க 1921ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியதாயிற்று. ஆகவே, அந்நாளைய தோட்டத்தைச் சுதந்திரச் சந்தையென்று கூறுவோர், சந்தையில் தன் உழைப்பை விற்க வந்தவனுக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமையே இருக்கவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இனி, இன்று நான் உண்மையில் சொல்ல விரும்பி வந்த கதைக்கு வருகிறேன். இதற்காக மற்ற விஷயங்களைச் சுருக்கிக்கொள்ள நேயர்கள் அனுமதிக்கவேண்டும். அது நமது கேகாலை மாவட்டத்துக் கதை. உந்துகொடைக்கு அருகே, ஏடுகளில் நேவ்ஸ்மியர் என்றும் நம்மவர் வாயில் உருளவள்ளி என்றும் வழங்கிய தோட்டத்தின் கதை.

1946ஆம் ஆண்டில், நிலமற்ற கிராமத்தாருக்குப் பகிர்ந்தளிக்கும் பொருட்டு அத்தோட்டத்தை எடுத்துக்கொண்ட அரசாங்கம், லயங்களில் வசித்துவந்த நம் தொழிலாளரை வெளியேறும்படி உத்தரவிட்டது. கிராமத்தாரின் தேவை பொய்யானதன்று என்பதை நான் முதலிலே சொல்லிவிடவேண்டும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டு நிலமும் தரிசு நிலமும் அரசுக்கே சொந்தமென்று அனுமானித்ததனால்தான், கண்டிய நாட்டுக் குடியானவர்களின் பொதுநிலங்கள் பெருந்தோட்டங்களாகிப் போயின. ஆக, முன்னொரு காலத்தில் உறுதி இல்லையென்று சிங்களக் குடியானவனிடமிருந்து எடுத்த அரசே, பின்னொரு காலத்தில் உறுதி இல்லையென்று தமிழ்த் தொழிலாளியை எழுந்து போகச் சொன்னது. இரண்டு ஏழைகளையும் ஒருவருக்கொருவர் பகைவராக நிறுத்தியது நிலமன்று; நிலத்தின்மீது தனக்கு எல்லையற்ற அதிகாரம் உண்டென்று கருதிய ஆட்சியே என்பது என் துணிபு.

உருளவள்ளித் தொழிலாளர் போக மறுத்தார்கள். அவர்களுக்காக அயல் தோட்டங்களிலும் அப்பாலும் வேலைநிறுத்தம் பரவியது. அத்துமீறிக் குடியிருந்த குற்றத்துக்காக வழக்குத் தொடரப்பட்டது. செல்வநாயகம் என்னும் ஒருவரது வழக்கு, நீதவான் நீதிமன்றத்தில் தோற்று, உயர்நீதிமன்றத்திலும் தோற்று, இறுதியில் லண்டனில் அந்நாளைய கடைசி முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை சென்றது. தந்தை செல்வா என்று நாம் போற்றும் தலைவரை எண்ணிவிடாதீர்கள், நேயர்களே. இவர் லயத்து வாசி.

1950இல் பிரிவி கவுன்சில் அவரை விடுதலை செய்தது. நான் இளைஞனாய் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்து வேலை பார்த்தபோது, சட்ட அறிக்கைகளின் 51ஆம் தொகுதியிலிருந்து அத்தீர்ப்பைக் கையால் பிரதி செய்தேன்; அந்தத் தாள்கள் இன்றும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அதன் சாரம் மிக எளியது. அத்துமீறல் குற்றமாவதற்குப் பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்கம் வேண்டும். தனக்கு உரிமை உண்டென்று மெய்யாக நம்பி ஒருவன் ஓரிடத்தில் இருந்தானாயின், அந்நம்பிக்கை சட்டத்தில் பிழையாகவே இருந்தாலும், அவன் அங்கே இருப்பது மற்றவருக்குத் தொல்லையாகும் என்பது மாத்திரத்தால் அவன் குற்றவாளியாகான். தன் குடும்பம் வாழ்ந்த இடத்தில் வாழவேண்டும் என்பதே அம்மனிதருடைய நோக்கம்.

தீர்ப்பு அவருக்குக் காணி உறுதி கொடுக்கவில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஆனால் அரசாங்கத்தின் உத்தரவுக்கும் ஓர் எளியவனின் வாசற்படிக்கும் இடையில் சட்டம் வந்து நிற்க முடியும் என்பதை அது நிலைநாட்டியது. இதைக் காட்டிலும் உயர்ந்த சுதந்திரப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகத்திலும் நான் கேட்கப்போவதில்லை.

நேரம் குறுகுகிறது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியதும், 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் நம்மைக் கேளாமலே நம்மைத் தொகை வகுத்துப் பகிர்ந்துகொண்டதும் நீங்கள் அறிந்தவை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குச் சென்றது. எஜமானர் மாறினாரேயன்றி, காம்பராவின் சாவி நம் பெயருக்கு வரவில்லை.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. இலங்கைத் தேயிலையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கை இன்று விளைவிப்பவர்கள் சிறுதோட்ட உடைமையாளர்கள். இரத்தினபுரி, இறக்குவானை, கஹவத்தைப் பக்கங்களில் அவர்களைக் காணலாம். என்னிடம் மனு எழுத வந்துகொண்டிருந்த ஒருவர், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நின்று, கொழுந்து குறைந்த நாளில் அரைநாள் கூலியாகிய அரைப்பேர் வாங்கி மனம் நொந்தவர்; கிராமத்தில் கால் ஏக்கர் வாங்கித் தேயிலை நட்டபின், மனு எழுத அவர் வருவதே இல்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரே உத்தரவால் தடுத்து, அவ்வாண்டு முடியுமுன்பே அதைத் தளர்த்தியபோது மாத்திரம் வந்தார். தன் நிலத்துக்குத் தான் என்ன போடவேண்டும் என்பதைக் கொழும்பில் யாரோ தீர்மானிப்பதேன் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஆகையால், தோட்டத்தில் வாழும் என் சகோதர சகோதரிகளே, வீடமைப்புத் திட்டம் எது வந்தாலும், கட்டிய சுவரைப் பார்த்து மகிழ்வதோடு நில்லாமல், காணி உறுதி எங்கே, அதில் கணவன் பெயரோடு மனைவி பெயரும் இருக்கிறதா என்று கேளுங்கள். வாசித்து அறியாத காகிதத்தில் கையொப்பம் இடாதீர்கள். அயலிலுள்ள கிராமத்தானின் உரிமையையும் உங்கள் உரிமையைப் போலவே மதியுங்கள். அந்த அம்மாள் ஜன்னல் வைக்காமலே காலமானார். அவருடைய பேத்தியாவது எவர் கையெழுத்தும் வேண்டாமல் தன் வீட்டுச் சுவரில் ஒரு ஜன்னல் திறக்கவேண்டும்.