ஹெட் கேஸ்கட் திரும்பத் திரும்பப் போவது ஏன்?

மாருதி 800 காரின் 796 சிசி இன்ஜினில் மேலே இருக்கும் ஹெட் அலுமினியம். கீழே இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு. இரண்டுக்கும் நடுவே மெல்லிய தகடாக உட்கார்ந்திருப்பது ஹெட் கேஸ்கட். எரியும் வாயு, கூலன்ட், ஆயில் மூன்றையும் கலக்கவிடாமல் காப்பது அதன் வேலை. சூடேறினால் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். சூடு எல்லை மீறினால் ஹெட் வளைந்துவிடும். கேஸ்கட்டின் பிடி தளர்ந்துவிடும்.

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த இந்தக் காரின் தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. ஆம்னி வேனிலும் 796 சிசி இன்ஜின்தான். காரியாபட்டி, திருச்சுழி பக்கம் பழைய வண்டி சூடானால் பழி வெயில்மேல் விழுகிறது. ரேடியேட்டரில் ஊற்றும் போர் தண்ணீரை யாரும் சந்தேகிப்பதில்லை. வெந்நீர்ப் பானைக்குள் படிகிற அதே உப்புப் படிவம் ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படிந்து அடைக்கிறது. பிறகு ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் சூடு இறங்காது.

கேஸ்கட் போனதைக் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்கலாம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் தண்ணீரில் குமிழி விடாமல் வரும். ஆயில் மூடியின் அடியில் வெளுத்த கூழ் ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். வெளியே சொட்டு ஒழுகாமலே கூலன்ட் குறைவதும், சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காததும் மற்ற அடையாளங்கள்.

மாற்றிய கேஸ்கட் சில மாதங்களிலேயே மறுபடி போனால், பெரும்பாலும் கேஸ்கட்டைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கழற்றிய ஹெட்டின் மேல் நேர்சட்டம் வைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் போனால் லேத் பட்டறையில் ஃபேஸிங் செய்தாக வேண்டும். பிளாக்கின் முகத்தையும் அப்படியே பார்க்க வேண்டும். அவசரத்தில் இது விட்டுப்போகிறது. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். கைக்கணக்கு இங்கே உதவாது.

அதோடு சூட்டுக்கான காரணத்தையும் தீர்க்க வேண்டும்: அடைத்த ரேடியேட்டர், ஒழுகும் வாட்டர் பம்ப், வேலை செய்யாத ஃபேன் சுவிட்ச், அழுத்தம் தாங்காத மூடி. சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் இவற்றில் எதையும் சரிசெய்யாது. போர் தண்ணீருக்குப் பதிலாக, காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலன்ட் ஊற்றினால் படிவம் சேராது.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். நன்றாக ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம்.