மூன்று கல்வியும் இரண்டு குழந்தைகளும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் மலிந்த இம்மாலையில் கல்லூரிப் பாடங்களைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்துள்ளனர். தில்லித் தமிழர் இல்லங்களில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும் எழும் வினாவை யாவரும் அறிவோம். பொறியியலா, மருத்துவமா, வணிகவியலா என்பதே அது. இம்மூன்றிலும் இடம் கிடையாதபோதுதான் பிற பாடங்களின் பெயர் வீட்டில் ஒலிக்கிறது. அவ்வாறு கடைசியில் நினைக்கப்படும் பாடங்களுள் சமூகவியல், மொழியியல், சிறப்புக் கல்வி ஆகிய மூன்றைக் குறித்தே இன்று பேச விழைகின்றோம்.

இவற்றின் பயனை யாம் கண்ட இரண்டு குழந்தைகளைக் கொண்டு விளக்குதல் எளிது. முதலாமவன் இரண்டாம் வகுப்புச் சிறுவன். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என வளர்ந்தவன். அவனது இந்திக் குறிப்பேடு சிவப்பு மையால் நிறைந்திருந்தது. பிள்ளை மந்த புத்தியுடையவன், வேறு பள்ளி பாருங்கள் என்று பள்ளியில் சொல்லிவிட்டனர். தந்தையார் எம்மிடம் வந்து கலங்கினார். யாம் அச்சிறுவனிடம் ஊருக்குச் சென்று வந்த கதையைத் தமிழில் கேட்டோம். இரண்டு இரவு இரயில் பயணத்தை, எந்த நிலையத்தில் என்ன வாங்கித் தின்றான் என்பது வரை, ஒன்றும் விடாமல் உரைத்தான்.

பிறகு குறிப்பேட்டைப் புரட்டினோம். இந்தியில் பாட்டுக்கு ஒரு சொல், உணவுக்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதினால் ‘கானா’ என்றே வரும். தமிழில் ஒரு ககரம் நிற்கும் இடத்தில் இந்தியில் நான்கு எழுத்துகள் உள்ளன. நாற்காலி அங்கே பெண்பால், வீடு ஆண்பால். நமக்கோ இரண்டும் அஃறிணை. சிறுவன் செய்த பிழைகளுள் பெரும்பாலானவை இவ்வகையினவே. அவன் தன் தாய்மொழியின் இலக்கணத்தைப் பிழையின்றிக் கற்றிருந்தான் என்பதற்கு அப்பிழைகளே சான்று.

இரண்டாமவள் நான்கு வயதுச் சிறுமி. எம்மொழியிலும் அவளுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. மூன்று மொழி கேட்டுக் குழந்தை குழம்பியிருக்கிறாள், போகப் போகச் சரியாகிவிடும் என்று உறவினர் ஆறுதல் கூறினர். இரண்டு ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. பின்னர்ச் சோதித்தபோது இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் குறைந்திருப்பது தெரிந்தது. மொழி வேகமாக வளரும் பருவத்தில் இரண்டு ஆண்டுகளை இழப்பது சிறிய இழப்பன்று.

அன்பர்களே, அச்சிறுவனிடம் இருந்தது மொழி வேறுபாடு, அதனைக் குறையென்றனர். இச்சிறுமியிடம் இருந்தது குறை. அதனை மொழிக் குழப்பமென்றனர். இவ்வாறு சொன்னவர்கள் தீயவர் அல்லர், அறியாதவர். அவ்வறியாமையை நீக்குவனவே யாம் குறித்த மூன்று கல்விகள்.

பல மொழிகளைக் கேட்டு வளர்வதனால் குழந்தைக்குப் பேச்சுக் குறைபாடு தோன்றுவதில்லை என்பதனை ஆய்வுகள் காட்டியுள்ளன. இடர்ப்பாடு புதிய மொழியில் மட்டும் காணப்படின், அது கற்றலின் இயல்பான படியாக இருக்கக்கூடும். தாய்மொழியிலும் காணப்படின் காலம் தாழ்த்தாது சோதித்தல் வேண்டும். முதலிற் காதினைச் சோதித்தல் வேண்டும். இதனைக் கற்பிப்பது மொழியியல். குறை உண்மையெனின் அக்குழந்தைக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதனைச் சொல்வது சிறப்புக் கல்வி. அக்குழந்தை எவ்வீட்டிலிருந்து வருகிறது, அதன் பெற்றோர் ஏன் பள்ளியில் வாய் திறக்க அஞ்சுகின்றனர் என்பனவற்றை ஆராய்வது சமூகவியல்.

இம்மூன்றையும் கற்பதற்குத் தில்லியைப் போன்ற நகரம் அரிது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை 1959இல் மைசூரைச் சேர்ந்த எம். என். சீனிவாஸ் அவர்களால் தொடங்கப்பெற்றது. அத்துறையைச் சார்ந்த ஆந்திரே பெத்தேய், வங்காளத்துச் சந்திரநகரில் பிறந்தவர். அவர் தஞ்சை மாவட்டத்து ஊரொன்றில் தங்கி ஆராய்ந்து, அவ்வூருக்கு ‘ஸ்ரீபுரம்’ எனப் புனைபெயரிட்டு, 1965இல் நூலாக வெளியிட்டார். சாதியும் நிலமும் அதிகாரமும் அவ்வூரில் பின்னிக் கிடந்த விதத்தை உலகம் அந்நூலால் அறிந்தது. நம் ஊரை ஆராய்ந்தறிய வங்கத்தில் பிறந்தவர் வந்தார். தில்லியில் வாழும் நம்மை நாமே ஆராய ஏன் நம் பிள்ளைகள் முன்வரலாகாது? இந்துக் கல்லூரி, மிராண்டா இல்லம், ஸ்ரீ வெங்கடேசுவரா கல்லூரி முதலியவற்றில் இளநிலையிலேயே இப்பாடம் உள்ளது. 2022 முதல் நடைபெறும் பொது நுழைவுத் தேர்வினைத் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் எழுதலாம்.

மூன்று துறைகளையும் ஒருங்கே நினைத்து அமைத்த படிப்பும் இங்கே பிறந்தது. தில்லிப் பல்கலைக்கழகம் 1994இல் தொடங்கிய நான்காண்டுத் தொடக்கக் கல்விப் பட்டப் படிப்பில் மொழியின் இயல்பு, குழந்தை வளர்ச்சி, இந்தியச் சமூகம் ஆகியவை பாடங்களாயின. மாணவியர் பள்ளிக்குச் சென்று கற்பித்துப் பழகுவதும் அதன் பகுதியே.

சிறப்புக் கல்விக்கு வருவோம். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றம் இந்நகரிலேயே உள்ளது. சிறப்பாசிரியராகப் பணியாற்ற அம்மன்றத்தின் பதிவேட்டில் பெயர் இடம்பெறல் வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாடுகளின் வகையை 7இலிருந்து 21ஆக உயர்த்தியது. எழுத்தறிதலில் நேரும் கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. தொடக்க வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் வேண்டுமென 2021இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே வேலை கிடைக்குமோ என்று அஞ்சுவார்க்கு இதுவே விடை.

செவித்திறன் அற்றோரின் சைகை மொழிக்கென ஒரு நிறுவனம் 2015இல் தில்லியில் அமைந்தது. 2018இல் 3,000 சொற்களோடு வெளிவந்த அதன் அகராதி, 2021இல் 10,000 சொற்களாக விரிந்தது. கையால் பேசுவதும் முழுமையான மொழியே என்பதனை உணரும்போது மொழியியலும் சிறப்புக் கல்வியும் ஒன்றையொன்று தழுவுகின்றன. இத்தொண்டு தமிழர்க்குப் புதிதன்று. பாளையங்கோட்டையில் செவித்திறன் அற்ற குழந்தைகளுக்கான பள்ளி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிவிட்டது.

இனி, நெஞ்சை வருத்தும் ஒன்றைச் சொல்லாமல் விடுதற்கில்லை. சங்புரா அருகே மதராசி முகாம் எனப்பட்ட குடியிருப்பில் நம்மவர் பல்லாண்டுகள் வாழ்ந்தனர். நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் முதல் நாள் அது இடிக்கப்பெற்றது. அங்கிருந்த ஏறத்தாழ 370 வீடுகளுள் 189 குடும்பங்களே மாற்று வீட்டிற்குத் தகுதியுடையன எனக் கொள்ளப்பட்டன. அவ்வீடுகளோ நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில். தமிழ் கற்ற பள்ளியைவிட்டுத் தொலைவில் புதுப் பள்ளிக்குச் செல்லும் ஒரு சிறுமி, முதல் மாதம் வகுப்பில் ஒன்றும் பேசாதிருந்தால் அவளை என்னவென்று குறிப்பர்? மந்தமானவள் என்றா? வீட்டை இழந்தவள் என்றா? மொழி மாறியவள் என்றா? அல்லது காது கேளாதவள் என்றா? நான்கும் நான்கு வேறு உண்மைகள். பிரித்தறியத் தெரிந்த ஓர் ஆசிரியை அங்கே இருப்பாளாயின் அச்சிறுமியின் வாழ்வு ஒரு வழியிற் செல்லும். இல்லையாயின் வேறு வழியிற் செல்லும்.

தில்லியில் நம் முன்னோர் 1923இல் விதைத்த தமிழ்க் கல்விப் பணி இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாக வளர்ந்து நிற்கிறது. கட்டடம் எழுப்பினர் அவர்கள். அக்கட்டடத்தினுள் வந்து அமரும் ஒவ்வொரு குழந்தையையும் அறிந்துகொள்வது நம் கடன்.

பெற்றோரை வேண்டுவது ஒன்று: உங்கள் மகளோ மகனோ இப்பாடங்களை விரும்பின் தடுக்காதீர். சங்கத்தை வேண்டுவது ஒன்று: பொறியியலில் முதன்மை பெற்றார்க்குப் பரிசளிக்கும் இம்மேடையில் அடுத்த ஆண்டு முதல் இத்துறைகளைப் பயில்வார்க்கும் ஒரு பரிசு அளித்திடுக. இளைஞர்களை வேண்டுவது ஒன்று: கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு நாளேனும் நம் பள்ளி வகுப்பொன்றின் பின்வரிசையில் சென்று அமருங்கள். அங்கே பேசாதிருக்கும் குழந்தையைப் பாருங்கள்.

யாம் கூறிய சிறுமி இன்று செவிக் கருவி அணிந்து பள்ளி செல்கிறாள். இழந்த இரண்டு ஆண்டுகளை ஈடுசெய்ய அவள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறாள். இன்னொரு குழந்தை அவ்வாறு உழைக்க நேராதிருக்கட்டும் என்பதே எம் வேண்டுதல்.