மருள் அடியும் மறுப்பெழுத்தும்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சனிக்கிழமை மாலை பறை, ஞாயிற்றுக்கிழமை கட்டுரை, மற்ற நாளெல்லாம் முனைவர் பட்ட ஆய்வு. நேரம் எப்படிக் கிடைக்கிறது என்று கேட்கிறார்கள். ஆய்வேடு தாமதமாகிறது, அவ்வளவுதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சாமி இல்லை, பேய் இல்லை, அருள்வாக்கு பொய் என்று எழுதுகிற அதே கைதான் மருள் அடியும் அடிக்கிறது.

பறையில் சப்பரத்து அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி என்று பல உண்டு. மருள் அடி, சாமி இறங்குவதற்கென்றே உள்ளது. ஆடி மாதத்தில் எங்கள் ஆசானின் குழுவோடு சேரியிலுள்ள மாரியம்மன் கோயில்களுக்குப் போகிறேன். அடி வேகமெடுக்க, எதிரில் நிற்கிற ஓர் அக்காவுக்கு உடல் நடுங்கும், கண் செருகும், ஆட்டம் வந்துவிடும். நான் நாலடி தள்ளி நின்று அடித்துக்கொண்டிருப்பேன். எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

நம் பகுத்தறிவுத் தோழர்கள் சிலர் இதைச் சட்டென்று முடித்துவிடுவார்கள்: தாளம் மூளையைத் தாக்குகிறது, மயக்கம் வருகிறது. நான் ஏற்பதில்லை. அது உண்மையானால் முதலில் ஆட வேண்டியவன் அடிக்கிறவன்தானே? பிரெஞ்சு இசை ஆய்வாளர் கில்பர்ட் ரூஷே 1980இல் வெளியிட்ட நூலில், பல நாட்டுச் சான்றுகளை வைத்து இந்த விளக்கத்தை மறுத்தார். எந்தத் தாளத்துக்கு யார் ஆடுவது என்பதை அந்தந்தச் சமூகம்தான் கற்றுக்கொடுக்கிறது.

அந்த 'யார்' என்பதில்தான் எனக்கு வேலை. ஊர்க்கோயிலில் சாமி இன்ன வகையறாவுக்குத்தான் இறங்கும் என்று வரிசை உண்டு. எல்லாம் வல்ல கடவுள், சாதி பார்த்துத்தான் இறங்குகிறார்! இதை எழுத எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் சேரிக் கோயிலில் ஆடுகிற அக்காவின் பேச்சை ஆண்டு முழுக்க யாரும் கேட்பதில்லை. அந்த அரைமணி நேரம் அவர் கணவர் கைகட்டி நிற்கிறார். அம்மன் இறங்கினாள் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. 'மூடநம்பிக்கை' என்று ஒரே சொல்லில் மூடிவிட்டுப் போகவும் முடியவில்லை.

என் தாத்தா அடித்தது கட்டாயத்தில். சாவுக்கும் திருவிழாவுக்கும் கூப்பிட்டால் போயாக வேண்டும். அதனாலேயே அப்பா என்னைப் பறையைத் தொட விட்டதில்லை. அவருடைய கோபம் நியாயமானது. நான் விரும்பிக் கற்றேன், விரும்பாத இடத்தில் மறுக்கவும் முடிகிறது. சோறு எனக்கு இதில் வரவில்லை. ஆசானுக்கு இதில்தான் வருகிறது.

ஒருமுறை அவர் சொன்னார்: "தம்பி, சாமி இல்லன்னு எழுது, நான் தடுக்கல. கோயில்ல அடிக்காதேன்னு மட்டும் எழுதாத. அடிச்சே ஆவணும்னு சொல்ற கோயில் இருக்கு, கூலி பேசிக் கூப்பிடற கோயில் இருக்கு. ரெண்டும் ஒண்ணில்ல." முதல்வகைக் கோயிலுக்கு எங்கள் குழு போவதில்லை. அவர் பேச்சில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது. கூலி கொடுத்துவிட்டால் எட்ட நிற்க வைக்கலாமா என்று கேட்டால் அவர் சிரிக்கிறார்.

தீட்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பறைத்தோல் தீட்டு. மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் பசுத்தோல் மட்டும் எப்படி மங்கலம் ஆனது? அந்த மிருதங்கத்தைச் செய்து தருகிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல்தான் வெளிவந்தது. மேடையில் வாசித்தவர் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

என் கட்டுரைகளை ஆசானின் மகள் அவருக்கு வாசித்துக் காட்டுகிறாள். சனிக்கிழமை வந்ததும் வரிக்கு வரி சண்டை. ஆடுகிற அக்காவின் ஊரையும் பேரையும் எழுதாதே என்றார், எழுதவில்லை. இந்த வாரமும் பயிற்சி உண்டு, வர விரும்புகிறவர்கள் வரலாம். மழைக்காலம், தோல் இளகிக் கிடக்கிறது, தீ மூட்டிக் காய்ச்ச நேரமாகும். என் கட்டுரையோடு உங்களுக்குச் சண்டை இருந்தால் அந்த நேரத்தில் போடலாம்.