ஈயச் சொம்பும் பஸ்தரின் கரிய மணலும்

(சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் தமிழ் பேசும் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



ரசம் வைக்கும் ஈயச் சொம்பு ஈயத்தால் ஆனதன்று, அது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசப்படுவதும் அதுவே. ஆயினும் இன்று உலகின் வெள்ளீயத்தில் ஏறத்தாழப் பாதி அடுக்களைக்குச் செல்வதில்லை. மின்னணுப் பலகைகளைப் பற்றவைக்கும் சால்டராகிறது. ஈயம் கலவாத சால்டரில் 95 விழுக்காட்டுக்கு மேல் வெள்ளீயமே. ஸ்ரீசிட்டியிலும் ரேணிகுண்டாவிலும் உள்ள மின்னணு ஆலைகளில் உழைப்போர் அன்றாடம் கையாளும் உலோகம் இது. நாட்டின் தேவையில் பெரும்பகுதி இறக்குமதியாகிறது.

இதன் தாது காசிட்டரைட். கிரானைட் குழம்பு இறுகும்போது கடைசியாக எஞ்சும் நீர்மம் பாறைப் பிளவுகளில் புகுந்து பெக்மடைட்டாக உறைகிறது. வெள்ளீயமும் லித்தியமும் அதில் செறிகின்றன. காசிட்டரைட் நீரைவிட ஏழு மடங்கு கனமானது, எளிதில் சிதையாதது. பாறை மக்கி மண்ணானாலும் தாது ஓடைப் படுகையில் தங்கிவிடும்.

இந்தியாவில் இத்தாது எடுக்கப்படும் ஒரே மாநிலம் சத்தீஸ்கர். அங்கும் தெற்கு பஸ்தர்தான். ஆதிவாசி ஆண்களும் பெண்களும் மண்ணைத் தோண்டி, ஓடை நீரில் அலசி, கரிய மணிகளைப் பிரித்தெடுக்கின்றனர். பெரிய எந்திரம் ஏதுமில்லை; கையும் கண்ணும்தான். மாநிலக் கனிம வளர்ச்சிக் கழகம் அதைக் கொள்முதல் செய்கிறது. கொள்முதல் விலை சந்தை விலைக்குக் கீழே நின்றாலோ, பணம் தாமதித்தாலோ, ஆதாயம் இடைத்தரகனுக்கே.

2023இல் ஒன்றிய அரசு வெள்ளீயத்தை முக்கியக் கனிமங்களின் பட்டியலில் சேர்த்தது. அவ்வாண்டுச் சட்டத்திருத்தம் அதன் சுரங்கங்களை ஏலம் விடும் அதிகாரத்தையும் மாநிலங்களிடமிருந்து பறித்துக்கொண்டது. ஓடையில் மணல் அலசுபவர் ஏலக்கூடத்தில் கை தூக்க இயலுமா?

இவ்விடத்தில் ஆந்திரத் தோழர்களுக்கு அறிமுகமான ஒன்றை நினைவுகூர வேண்டும்: 1997ஆம் ஆண்டின் சமதா தீர்ப்பு. அட்டவணைப் பகுதி நிலத்தைத் தனியாருக்குச் சுரங்கக் குத்தகைக்கு விடலாகாது, அரசுக் கழகமோ பழங்குடியினர் கூட்டுறவோ எடுக்கலாம் என உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அது ஆந்திரத்தின் நில மாற்ற ஒழுங்குமுறைச் சட்டத்தை ஊன்றி நின்ற தீர்ப்பு. பஸ்தருக்கு அக்காவல் தானாகக் கிட்டாது. தாது அலசுவோரின் கூட்டுறவுக்கே குத்தகை, உலகச் சந்தையோடு பிணைந்த கொள்முதல் விலை, கிராமசபையின் ஒப்புதல் ஆகியவை அங்கே போராடியே பெறப்பட வேண்டியவை. சால்டர் வைக்கும் ஆலைத் தொழிலாளரின் சங்கம் இக்கோரிக்கைகளைத் தன்னுடையவையாக எழுப்புவதற்கு எத்தடையும் இல்லை.