கூட்டரசு, மக்கட்கருத்து, ஊடகம்: சொற்களின் வழியே அமெரிக்கா



மொழியியல் பயின்ற ஒருவருக்கு அமெரிக்க அரசியலில் என்ன வேலை என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். நியாயமான ஐயமே. நாம் அரசியலறிஞர் அல்லர். சொற்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தே காலம் கழித்தவர். ஆயினும் 2016ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், நாம் பணி ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் இருந்த வேளையில், வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்ட கேள்வி நம்மை இத்துறைக்குள் இழுத்துவிட்டது. “ஐயா, கருத்துக்கணிப்பில் முந்தியவரும் அவரே, மக்கள் வாக்கை மிகுதியாகப் பெற்றவரும் அவரே. பிறகு எப்படித் தோற்றார்? அங்கே நடப்பது மக்களாட்சிதானா?” என்று அவர் கேட்டார். அன்று நாம் தந்த விடை அரைகுறையானது. அந்தக் கடனை அடைக்கும் முயற்சியே இவ்வுரை.

அக்கேள்வியில் மூன்று முடிச்சுகள் உள்ளன. கூட்டரசு ஒன்று, மக்கட்கருத்து மற்றொன்று, அக்கருத்தை நம்மிடம் கொண்டுவரும் ஊடகம் இன்னொன்று. மூன்றிலும் தமிழ்ச் சொற்களே மாணவரை ஓரளவு தடுமாற வைக்கின்றன என்பது நம் கணிப்பு. ‘கணிப்பு’ என்ற இச்சொல்லையும் பின்னர் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் ‘மாநிலம்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பழந்தமிழில் இது பரந்த உலகத்தையே குறித்தது. இன்று ஒரு நாட்டின் உட்பிரிவைக் குறிக்கிறது. உட்பிரிவு என்றதும் நம் மனத்தில் தோன்றும் படம் யாது? முதலில் நாடு இருந்தது, பிறகு ஆட்சி வசதிக்காக அது கூறுபோடப்பட்டது என்பதே. இந்தியாவைப் பொறுத்தவரை இப்படம் பெருமளவு பொருந்தும். இந்திய அரசமைப்பின் 3ஆம் பிரிவின்படி மாநில எல்லைகளை நாடாளுமன்றம் மாற்றலாம். தொடர்புடைய சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஆனால் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. 2014இல் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்த பின்னரும் தெலங்கானா பிறந்தது இவ்வாறுதான்.

அமெரிக்காவில் வரிசை தலைகீழானது. 1776இல் விடுதலையை அறிவித்த பதின்மூன்று குடியேற்றங்களும் தம்மைத் தனித்தனி அரசுகளாகவே கருதின. அவை கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்தே நடுவண் அரசு தோன்றியது. ஆகவேதான் அங்கே ஒரு மாநிலத்தின் நிலத்தில் வேறொரு மாநிலத்தை அமைக்க வேண்டுமாயின் அம்மாநிலச் சட்டமன்றத்தின் இசைவு கட்டாயம். ஆங்கிலத்தில் அவற்றைக் குறிக்கும் ‘ஸ்டேட்’ என்ற சொல்லே முழு இறையாண்மை பெற்ற நாட்டையும் குறிக்கும். நம் ‘மாநிலம்’ என்ற சொல்லில் அந்த எதிரொலி இல்லை. ‘ஆளுநர்’ என்ற சொல்லும் இத்தகையதே. இந்திய ஆளுநர் மேலிருந்து அமர்த்தப்படுபவர்; அமெரிக்க ஆளுநரோ மாநில மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். சொல் ஒன்று, பதவி வேறு.

இந்நாட்டு மாணவர்க்கு இது முற்றிலும் அயலான செய்தி அன்று. நாம் வாழும் இத்தீவும் 1963 முதல் 1965 வரை ஒரு கூட்டரசின் மாநிலமாக இருந்ததே. பாலத்துக்கு அப்பால் ‘கூட்டரசுப் பிரதேசம்’ என்று வழங்கும் தொடரில் உள்ள ‘கூட்டரசு’ என்ற சொல், தமிழகத்தில் வழங்கும் ‘கூட்டாட்சி’யைக் காட்டிலும் நமக்குச் செறிவாகத் தோன்றுகிறது. கூட்டாட்சி என்றால் பல கட்சிகள் சேர்ந்து அமைக்கும் ஆட்சியோ என்று சிலர் மயங்குகின்றனர்.

இனி, ‘ஃபெடரல்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கதை. உடன்படிக்கை எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது அது. பதினெட்டாம் நூற்றாண்டில் அது தளர்வான நட்புக்கூட்டத்தையே பெரிதும் சுட்டியது. 1781இல் நடைமுறைக்கு வந்த முதல் ஏற்பாடு அத்தகையதே. அதன்படி அமைந்த காங்கிரஸ் மாநிலங்களிடம் பணம் கேட்கலாம். வரி விதிக்க இயலாது. கேட்ட பணம் ஒழுங்காக வரவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1787இல் பிலடெல்ஃபியாவில் கூடியோர் வலுவான நடுவண் அரசு ஒன்றைக் கொண்ட புதிய அரசமைப்பை வரைந்தனர். அதை ஆதரித்தவர்கள் உண்மையில் பழைய தளர்ந்த கூட்டை இறுக்க விரும்பியவர்கள். ஆயினும் ‘ஃபெடரலிஸ்ட்’ என்னும் பெயரை அவர்களே முந்திச் சூட்டிக்கொண்டனர். மாநிலங்களின் பக்கம் நின்று வாதாடியோர்க்கு ‘எதிர்’ என்ற முன்னொட்டுடன் கூடிய பெயரே மிஞ்சியது. பெயரைக் கைப்பற்றுவோர் வழக்கில் பாதியைக் கைப்பற்றிவிடுகின்றனர். தமிழகத்தில் 2021இல் ‘மத்திய அரசு’ என்பதா, ‘ஒன்றிய அரசு’ என்பதா என்று எழுந்த விவாதத்தைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

நம் மூன்று முடிச்சுகளும் முதன்முதலில் ஒன்றுசேர்ந்த இடமும் இதுவே. 1787ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் நியூயார்க் செய்தித்தாள் ஒன்றில் ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. தொடர்ந்து 85 கட்டுரைகள். எழுதியவர் மூவர்: அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜேம்ஸ் மேடிசன், ஜான் ஜே. கூட்டரசுக் கோட்பாட்டின் மூலநூலாக இன்று பல்கலைக்கழகங்களிற் பயிலப்படும் நூல், செய்தித்தாள் வாசகரைத் தம் பக்கம் திருப்புவதற்காக அவசர அவசரமாக எழுதப்பட்டது. அது வெற்றி பெற்றதா என்றால், நேர்மையாகச் சொல்வதாயின், உடனடியாக இல்லை. நியூயார்க் மாநாட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவருள் எதிர்ப்பாளர் 46, ஆதரவாளர் 19. பின்னர்ப் பிற மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஒப்புதல் தந்து, புதிய அரசு அமைவது உறுதியான பிறகே, 1788 ஜூலையில் 30க்கு 27 என்ற நூலிழையில் நியூயார்க் இணங்கியது. எழுத்து மட்டுமே மக்கட்கருத்தைப் புரட்டிவிடும் என்று நம்புவோர் இந்த எண்களையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

நடுவண் அரசுக்கு என வரையறுத்துக் கொடுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று 1791இல் சேர்க்கப்பட்ட 10ஆம் திருத்தம் கூறுகிறது. கல்வி அவ்வாறு மாநிலங்களிடம் தங்கிவிட்ட துறை. அமெரிக்க அரசமைப்பில் கல்வி என்ற சொல்லே இல்லை. ஆனால் எல்லைக்கோடு அத்துணைத் தெளிவானதன்று. மேரிலாந்து மாநிலம் தேசிய வங்கியின் கிளைக்கு வரி விதித்தபோது, அது செல்லாது என 1819இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளிப்படையாக எழுதப்படாத அதிகாரமும் நடுவண் அரசுக்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் உட்கிடை. நேரடி அதிகாரம் இல்லாத இடத்தில் பணம் பேசும். மது வாங்கும் வயதை மாநிலங்களே முடிவு செய்யலாம். ஆயினும் அவ்வயதை 21ஆக உயர்த்தாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கு குறைக்கப்படும் என்று 1984இல் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. மாநிலங்கள் அனைத்தும் சில ஆண்டுகளில் வழிக்கு வந்தன.

இந்நிலையை விளக்க அமெரிக்கப் பாடநூல்கள் இருவகைக் கேக்கைக் காட்டும். பழைய நிலை அடுக்குக் கேக். பிற்கால நிலை நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று சுழிந்து கிடக்கும் பளிங்குக் கேக். முன்னதற்கு நம் கடைத்தெருவில் விற்கும் கூவே லாப்பிஸ் அருமையாகப் பொருந்தும். தட்டுத் தட்டாக உரித்தே எடுக்கலாம். பின்னதற்கு என்ன சொல்வது என்று வகுப்பில் கேட்டபோது ஒருவர் “இடியாப்பம்” என்றார். நகைத்தோம். எனினும் அது தவறான உவமை என்று நமக்கு இன்றளவும் தோன்றவில்லை.

அடுத்து மக்கட்கருத்து. ‘கருத்துக்கணிப்பு’ என்ற சொல் எப்படியோ நிலைபெற்றுவிட்டது. கணித்தல் என்பதற்குக் கணக்கிடுதல் என்ற பொருள் உண்டு; சோதிடர் சாதகம் கணிப்பதும் அதே வினைதான். இதனால் இச்சொல்லைக் கேட்கும் தமிழ் மாணவர், நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லும் வித்தை இது என்று தம்மை அறியாமலே எண்ணிவிடுகிறார். ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லின் பழம்பொருளோ ‘தலை’. தலைகளை எண்ணுதல் என்பதே அதன் உட்பொருள். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட சிலரிடம், குறிப்பிட்ட கேள்விக்குக் கிடைத்த விடைகளின் அளவு. அவ்வளவே.

யாருடைய தலைகளை எண்ணினோம் என்பதுதான் இதன் உயிர். 1936இல் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலட்டை வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்றது இதழ். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களுள் 46இல் வென்றார். முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் உரிமையாளர் பதிவிலிருந்தும் பெரும்பாலும் திரட்டியதே பிழை. பொருளாதார நெருக்கடிக் காலத்தில் காரும் தொலைபேசியும் யாரிடம் இருந்திருக்கும்? திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர் யார் என்பதும் இன்னொரு கோணல். அதனினும் மிகச் சிறிய தொகையினரிடம் கேட்ட ஜார்ஜ் காலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். அவரும் 1948இல் சறுக்கினார் என்பது வேறு கதை.

இப்போது அம்மாணவியின் கேள்விக்கு வரலாம். 2016இல் நாடளாவிய அளவீடுகள் ஹிலரி கிளின்டன் ஏறத்தாழ மூன்று விழுக்காடு முந்துவதாகக் காட்டின. வாக்கு எண்ணிக்கையில் அவர் இரண்டு விழுக்காடு முந்தினார். அதாவது ஏறத்தாழ 29 இலட்சம் வாக்குகள். ஆக, நாடளாவிய அளவீடு பெரிதும் பொய்க்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் நாடளாவிய தேர்தல் என்ற ஒன்றே இல்லை. ஐம்பது மாநிலங்களிலும் தலைநகரிலும் தனித்தனியே 51 தேர்தல்கள் நடக்கின்றன. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தேர்வாளர் குழுவில் இத்தனை இடம் என்று உண்டு. மெய்ன், நெப்ராஸ்கா நீங்கலாக, ஒரு மாநிலத்தில் ஒரு வாக்கு முந்தினாலும் அதன் இடங்கள் அனைத்தும் முந்தியவருக்கே. மொத்தம் 538இல் 270 பெற்றவர் அதிபர். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 78,000 வாக்கு வேறுபாட்டில் ஆட்சி டொனால்ட் டிரம்ப் கைக்குச் சென்றது. மாநில அளவீடுகளே அங்குத் தவறின. கல்லூரிப் படிப்பில்லாத வாக்காளர் அவற்றின் மாதிரியில் உரிய விகிதத்தில் இடம்பெறாததும், அதைப் பல நிறுவனங்கள் சரிசெய்யாததும் காரணங்களுள் முக்கியமானவை.

‘அமெரிக்க மக்கள் கருத்து’ என்று நாம் ஒருமையிற் கூறுவதே இங்குப் பிழைபடுகிறது. அரசமைப்பு எண்ணுவது ஐம்பது மாநிலங்களின் கருத்துகளை. இது நியாயமா என்று அமெரிக்கரே இரண்டு நூற்றாண்டுகளாக வாதிட்டு வருகின்றனர். ஆறு இலட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் செனட் அவையில் இவ்விரண்டு இடங்கள் என்பதை நம்மால் எளிதில் ஏற்க இயலவில்லை. ஆனால் 1787இல் அந்த உறுதி இல்லாவிடின் சிறு மாநிலங்கள் கூட்டரசுக்குள் வந்தே இரா.

எஞ்சியது ஊடகம். ‘ஊடு’ என்னும் வேரிலிருந்து பிறந்த அழகிய சொல், இடையில் நிற்பது. இடையில் நிற்பது வழியும் ஆகலாம், திரையும் ஆகலாம். வால்டர் லிப்மன் 1922இல் மக்கட்கருத்தைப் பற்றி எழுதிய நூலில் ‘ஸ்டீரியோடைப்’ என்ற அச்சகத் தொழிற்சொல்லை மனித மனத்துக்கு ஆக்கினார். கோத்த எழுத்துகளை அச்செடுத்து வார்க்கும் உலோகத் தகடு அது. நாமும் ‘அச்சில் வார்த்தாற்போல’ என்கிறோம், ஆனால் பெரும்பாலும் பாராட்டாக! நேரிற் காணாத உலகை மனிதர் இத்தகைய வார்ப்புகளைக் கொண்டே அறிகின்றனர் என்பது லிப்மன் வாதம். 1968 தேர்தலின்போது சாப்பல் ஹில் நகரில் மெக்கோம்ப்ஸ், ஷா என்னும் இருவர் நூறு வாக்காளரிடம் நடத்திய ஆய்வு இன்னொரு படி சென்றது. எவற்றை முதன்மையான பிரச்சினைகள் என மக்கள் கூறினரோ, அவை ஊடகங்கள் பெரிதுபடுத்தியவற்றோடு வரிசை மாறாமல் பெரிதும் ஒத்திருந்தன.

அமெரிக்கக் கூட்டரசு தொடக்கத்தில் ஊடகத்தை வேண்டுமென்றே ஊர்தோறும் வளர்த்தது. 1792 அஞ்சல் சட்டத்தின்படி, நூறு மைலுக்குள் ஒரு செய்தித்தாளை அனுப்ப ஒரு சென்ட். கடிதத்துக்கோ குறைந்தது ஆறு சென்ட். இதழாசிரியர்கள் தங்களுக்குள் இதழ்களைப் பரிமாறிக்கொள்ளக் கட்டணமே இல்லை. இதனால் சிற்றூர் இதழுக்கும் பிற மாநிலச் செய்தி கிடைத்தது. மாநிலக் குரலும் அடங்கவில்லை. வானொலி வந்தபோது நிலை மாறத் தொடங்கியது. 1933 மார்ச் 12ஆம் நாள் ரூஸ்வெல்ட் தம் முதல் ‘கணப்போர உரை’யில் வங்கிகளைப் பற்றி நாட்டு மக்களிடம் நேரே பேசினார். அதற்கு முன்னர் மாநில ஆளுநர் பலர் தத்தம் வங்கிகளைத் தனித்தனியே மூடியிருந்தனர். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியபோது மக்கள் பணத்தை எடுக்க வரவில்லை. திரும்பப் போட வந்தனர். ஒரே குரல், ஒரே இரவு.

இன்று 2005இல் இருந்த அமெரிக்கச் செய்தித்தாள்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. மறைந்தவற்றுட் பெரும்பாலானவை சிற்றூர் வார இதழ்கள். மாவட்டப் பள்ளி வாரியத்தில் என்ன நடந்தது, மாநிலச் சட்டமன்றத்தில் தம் உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று எழுதியவை அவையே. அவ்விடத்தை நாடளாவிய தொலைக்காட்சியும் கைப்பேசியும் நிரப்புகின்றன. உள்ளூர் இதழ் மூடப்பட்ட இடங்களில், அதிபருக்கு ஒரு கட்சி, செனட் அவைக்கு வேறு கட்சி எனப் பிரித்து வாக்களிப்போர் சற்றுக் குறைந்தனர் என்று 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. குறைவு சிறிதுதான். ஆனால் அரசமைப்பு ஐம்பது கருத்துகளை எண்ணக் காத்திருக்க, வாக்காளரிடம் இருப்பதோ தலைநகரைப் பற்றிய ஒரே கருத்தின் ஐம்பது படிகள் என்ற நிலை நெருங்குகிறதோ என்ற கவலைக்கு அதுவே போதுமானது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த அமெரிக்கத் தேர்தலின்போது தமிழ்ச் செய்தித்தாளை வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். ‘கருத்துக்கணிப்பு’ என்று அச்சாகியுள்ள இடந்தோறும் ‘கருத்தளவீடு’ என்று மாணவரை மாற்றி எழுதச் சொல்லுங்கள். பிறகு, ‘எந்த மாநிலத்தில்?’ என்ற கேள்வியை ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அந்த ஓரக் குறிப்புக்கு விடையளிக்காத செய்திகள் எத்தனை என்பதை அவர்களே எண்ணட்டும். 2016இல் இப்பயிற்சி நம்மிடம் இருந்திருந்தால் அம்மாணவியை வெறுங்கையோடு அனுப்பியிருக்க மாட்டோம்.